உபயம்னு பேர் போட்டா புண்ணியம் குறையுமா?

ரெண்டு இதழுக்கு முன்னாடி திருநெல்வேலியிலிருந்து, சுயநலமே இல்லாத உதவின்னு ஒன்னு இருக்கான்னு ஒரு கேள்வி வந்துச்சு. எனக்கு அன்னைக்கு சோம்பேறித்தனம், "வாசகர்கள் நீங்க என்ன நினைக்கறீங்க, எழுதுங்க"ன்னு தள்ளி விட்டுட்டேன். வினை. லெட்டர், மெயில், வாட்ஸப்புன்னு வந்து குவிஞ்சு போச்சு, அதனால இந்த வாரம் சினிமா, அரசியல், கிரிக்கெட் எதுவும் கிடையாது, எல்லாமே அந்த ஒரு விஷயந்தான். இன்னொன்னு. ஒரு வாசகர் "பேர் போட்டுக்கிட்டா அதுவே சுயநலம் தானே, அதனால என் பேரை போடாதீங்க"ன்னு எழுதியிருந்தார். நியாயமா பட்டுச்சு. அவருக்கு மட்டும் போடாம மத்தவங்களுக்கு போட்டா நல்லாருக்காதுன்னு யாருக்குமே போடல, வெறும் ஊர் தான். கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் வழக்கம் போல வந்துரும்.

திருநெல்வேலி: ஒருத்தன் உதவி பண்றான்னா ஒன்னு புண்ணியத்துக்கு, இல்ல பேருக்கு, ரெண்டும் இல்லன்னா மனசுக்கு கிடைக்கற திருப்திக்கு. எப்படி பாத்தாலும் அவனுக்கு ஏதோ ஒன்னு கிடைக்குது. அப்போ சுயநலமே இல்லாத உதவின்னு உலகத்துல ஒன்னு இருக்கா சார்?

இங்கிலாந்துல 17ம் நூற்றாண்டுல தாமஸ் ஹாப்ஸ்னு ஒரு தத்துவக்காரர் இருந்தார், மனுஷன் தன் நலத்தை தான் பாப்பான்னு ஆணித்தரமா எழுதினவர். அவரே ஒரு நாள் லண்டன் தெருவுல வயசான ஒரு பிச்சைக்காரருக்கு காசு போட்டுட்டார். கூட இருந்த பாதிரியார் சும்மா விடுவாரா, "ஏசு சொல்லியிருக்காருன்னு இல்லாட்டி இதை செஞ்சிருப்பீங்களா?"ன்னு மடக்கினார். ஹாப்ஸ் "செஞ்சிருப்பேன், அந்த கிழவர் படற பாட்டை பாத்து எனக்கு வலிச்சுச்சு, காசு போட்டதுல அவருக்கும் கொஞ்சம் நிம்மதி, எனக்கும் நிம்மதி"ன்னாராம். உங்க கேள்வி அங்கேயிருந்து தான் கிளம்புது.

நம்ம ஊர்லயும் ஒருத்தர் இதையே தான் சொன்னார், ஆனா யாரும் அவரை சுயநலக்காரர்னு சொன்னதில்ல. "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்"னு வள்ளலார். அவருக்கும் வலிச்சுச்சு. 1867ல வடலூர்ல தருமச்சாலை ஆரம்பிச்சு மூட்டின அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையாம எரியுது. தன் வாட்டத்தை தீத்துக்கத்தான் அவர் அடுப்பு மூட்டினார்னு சொல்லலாமா? சொல்லலாம், ஆனா ஒரு இடத்துல இடிக்குது. தன் வலி தீரணும், அது மட்டும் தான் நோக்கம்னா, அதுக்கு ரொம்ப சீப்பான வழி ஒன்னு இருக்கே. பயிரை பாக்காம திரும்பிக்கறது. நாமெல்லாம் சிக்னல்ல தினமும் செய்யறது தான், கார் கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு போன் பாக்கறோம்ல, வலி போச்சு, காசும் மிச்சம்.

இதையே ஒரு சோதனையா செஞ்சு பாத்தவர் டேனியல் பேட்சன், அமெரிக்காவுல கேன்சஸ் யுனிவர்சிட்டி சைக்காலஜி ப்ரொபசர். 1981ல அவர் வெளியிட்ட சோதனை இது. எலேன்னு ஒரு பொண்ணுக்கு விட்டு விட்டு கரண்ட் ஷாக் குடுக்கறதை காலேஜ் பொண்ணுங்க டிவில பாக்கணும் (நிஜ ஷாக் இல்ல, நடிப்பு, ஆனா பாக்கறவங்களுக்கு அது தெரியாது). எலேன் ரொம்ப துடிக்கறா. அப்போ கேக்கறாங்க, மிச்ச ஷாக்கை அவளுக்கு பதிலா நீ வாங்கிக்கறியாம்மா? சில பேருக்கு "வேணாம்னா நீ இப்பவே கிளம்பலாம்"னு கதவை தொறந்து வெச்சாங்க, சில பேர் கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தே ஆகணும். அதே மாதிரி சில பேருக்கு எலேன் உன்ன மாதிரியே பொண்ணுன்னு முன்னாடியே சொல்லி மனசு ஒட்ட வெச்சிருந்தாங்க, சில பேருக்கு அவ வேற டைப்புன்னு சொல்லியிருந்தாங்க. மனசு ஒட்டாதவங்க, கதவு தொறந்திருந்தப்போ 11 பேர்ல 2 பேர் தான் உதவ முன்வந்தாங்க. மத்தவங்க ஹாப்ஸ் சொன்ன ரகம், கண்ணுல படலன்னா வலி போயிரும். ஆனா மனசு ஒட்டினவங்க, கதவு அதே மாதிரி தொறந்து கெடந்தும் 11ல 10 பேர் "நான் வாங்கிக்கறேன்"னு சொன்னாங்க. தன் வலி தான் பிரச்சனைன்னா அவங்களும் வீட்டுக்கு போயிருக்கணுமே. சின்ன சோதனை தான், ஒத்துக்கறேன், ஆனா கேள்வி சரியான இடத்துல விழுந்திருக்கு.

திருப்தி கிடைக்குதேன்னு கேக்கறீங்க. சாப்பிட்டா ஏப்பம் கூடத்தான் வருது, அதுக்காக ஏப்பம் விடத்தான் நாம சாப்பிட்டோம்னு ஆயிருமா. அவன் நல்லா இருக்கணும்னு உங்களுக்கு முதல்லயே ஒரு ஆசை இருந்தா தான் அவன் நல்லானதும் உங்களுக்கு திருப்தி வரும். ஆசை இல்லாதவனுக்கு ஏது திருப்தி. "எனக்கு எது புடிச்சாலும் அது சுயநலம்"னு நீங்க முன்கூட்டியே வெச்சுக்கிட்டீங்கன்னா அப்புறம் உங்களை யாராலயும் ஜெயிக்க முடியாது, ஆனா நீங்க ஜெயிச்சது மனுஷ சுபாவத்தை பத்தின விவாதத்துல இல்ல, அகராதியில ஒரு வார்த்தைக்கு அர்த்தத்தை மாத்திட்டீங்க, அவ்ளோதான்.

வேளச்சேரி, சென்னை: 2015 வெள்ளத்துல எங்க தெருவுக்கு பிரட் பாக்கெட் குடுக்க வந்தவங்க குடுத்துட்டு செல்ஃபி எடுத்துக்கிட்டாங்க. எனக்கு இன்னைக்கும் அந்த பிரட் தொண்டையில நிக்குது. இவங்கல்லாம் உதவி பண்ண வந்தாங்களா, ஸ்டேட்டஸ் போட வந்தாங்களா?

உங்களுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி என் கதையை சொல்லிடறேன், இதுவரை எங்கேயும் எழுதினதில்ல. அதே வெள்ளத்துல நாங்க நாலு பேர் சேந்து லெமன் சாதம், தயிர் சாதம்னு ஒரு வேன்ல ஏத்திக்கிட்டு முடிச்சூர் பக்கம் போனோம். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கட்டின பொட்டலம். முழங்கால் தண்ணியில எறங்கி ஒரு தெரு முனைக்கு போனா எங்களுக்கு முன்னாடியே மூணு வண்டி வந்து நிக்குது, ஜனங்க சாப்ட்டுக்கிட்டு இருக்காங்க. ஒரு அம்மா ரொம்ப மரியாதையா "சாப்பாடு போதும்ப்பா, போர்வை, நாப்கின் இருந்தா குடுங்க"ன்னாங்க. எனக்கு சுர்ருன்னு வந்துச்சு. நல்லா கேட்டுக்கங்க, பசியா இருந்த ஜனங்க வயிறு நெறைஞ்சிருக்கு, எனக்கு கோவம். எங்க வேன் டிரைவர் சொன்னார், "நல்லதா போச்சு சார், இவங்க சாப்ட்டாச்சு, இன்னும் உள்ள தள்ளி போலாம் வாங்க." அந்த மனுஷனுக்கு நாங்க குடுக்கற வாடகையை தவிர ஒரு லாபமும் இல்ல, டீசலுக்கே அது காணாது, அவர் சந்தோஷப்படறார். அந்த வேன்ல உதவி பண்ண வந்தது அவர் ஒருத்தர் தான்னு வீட்டுக்கு திரும்பி வரும்போது புரிஞ்சுச்சு.

அதுலேருந்து எனக்கு நானே வெச்சுக்கிட்ட டெஸ்ட் இது: நான் செய்யறதுக்கு முன்னாடி வேற எவனோ அதை செஞ்சு முடிச்சுட்டா எனக்கு "அப்பாடா"ன்னு இருக்குதா, "அடச்சே"ன்னு இருக்குதா. பெருமையா கண்டுபிடிச்சேன்னு நினைச்சேன், அப்புறம் தான் தெரிஞ்சுது, மேல சொன்ன பேட்சன் 1988லயே இதை பண்ணிட்டார். உதவி தேவைப்பட்ட ஆளோட பிரச்சனை தானாவே தீந்துருச்சுன்னு சொல்லிட்டு இவங்க மூட் எப்படி இருக்குன்னு பாத்தார். மனசு ஒட்டினவங்களுக்கு தன் கையால தீந்தாலும் சந்தோஷம், வேற வழியில தீந்தாலும் சந்தோஷம். எங்க டிரைவர் ரகம். நான் அந்த ரகம் இல்ல.

செல்ஃபிக்காரங்க விஷயத்துக்கு வரேன். அவங்க மேல எனக்கு பெரிய கோவம் இல்ல, நானும் ஒரு வகையில அவங்க ஆளு தானே. ஆனா பசியோட நிக்கற முகத்தை கேக்காம போட்டோ எடுக்கறது தப்பு, அது சுயநலமா பொதுநலமாங்கற ஆராய்ச்சிக்கே போக வேண்டாம், அது மரியாதை கெட்ட வேலை. பிரட் தொண்டையில நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. நிக்கத்தான் செய்யும்.

காரைக்குடி: கோயில் டியூப்லைட்ல கூட "உபயம்"னு பேரை பெயின்ட்ல எழுதி வெச்சு வெளிச்சமே வர மாட்டேங்குது. பேர் போட்டுக்கறதால தானம் பாழாயிடாதா?

டியூப்லைட் ஜோக் எங்க தாத்தா காலத்துது, இப்போ எல்இடி வந்தும் ஜோக் மட்டும் மாறல. ஆனா பேர் போடறதை அவ்ளோ லேசா தள்ளிட முடியாதுங்க. சோழர் கால கல்வெட்டு எதையாவது நிதானமா படிச்சு பாருங்க. இன்ன ஊர்ல இன்னார் மகன் இன்னார் அணையாம எரியற ஒரு நந்தா விளக்குக்கு வெச்ச "சாவா மூவாப் பேராடு" தொண்ணூத்தாறுன்னு இருக்கும். சாகாத, கெழடாகாத ஆடு. எப்படின்னா, ஆட்டை இடையர்கள் கிட்ட ஒப்படைச்சுருவாங்க, செத்த ஆட்டுக்கு பதில் குட்டிங்கள வெச்சு எண்ணிக்கை குறையாம பாத்துக்கணும், நித்தம் கோயிலுக்கு உழக்கு நெய் அளக்கணும், சந்திரனும் சூரியனும் இருக்கற வரைக்கும். இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு யார் குடுத்தா, எவ்ளோ குடுத்தா, யார் பொறுப்புன்னு கல்லுல வெட்டலைன்னா அடுத்த தலைமுறையிலயே ஆடும் போயிரும் நெய்யும் போயிரும். அப்போ பேர் வெறும் தம்பட்டம் இல்ல, அது பத்திரப்பதிவு. எனக்கு ரொம்ப புடிச்சது கடைசி வரி. "இந்த தர்மத்தை காப்பாத்தறவங்க பாதம் என் தலை மேல"ன்னு முடிப்பாங்க. குடுத்த பெரிய மனுஷன், தனக்கு முன்னூறு வருஷம் கழிச்சு பொறக்கப்போற யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் கால்ல விழறான். அதையும் தம்பட்டம்னு சொல்லுவீங்களா?

டியூப்லைட்டுக்கு அந்த சமாதானம் செல்லாதுங்கறதை ஒத்துக்கறேன்.

பேரே போடாத தர்மமும் நம்ம ஊர்ல இருந்துச்சு. பழைய ரோட்டோரத்துல சுமைதாங்கி கல் பாத்திருப்பீங்க, தலைச்சுமையோட வர்றவங்க யார் துணையும் இல்லாம எறக்கி வெச்சு இளைப்பாற. வயித்துல புள்ளையோட செத்துப்போன பொண்ணு நெனவா அதை நடுவாங்க, அவ எறக்கி வைக்காம போன சுமை எறங்கட்டும்னு ஒரு நம்பிக்கை. அது தன் வீட்டு துக்கத்துக்காக வெச்சதா, வழிப்போக்கனுக்காக வெச்சதா? ரெண்டுக்கும் தான். ரெண்டையும் பிரிச்சு தனித்தனியா தராசுல வைக்கணும்னு நமக்கு ஏன் இவ்ளோ அவசரம்னு தெரியல.

பெருந்துறை: ஜோசியர் சொன்னார்னு மாசா மாசம் சனிக்கிழமை அன்னதானம் பண்றேன். பையன் "இது தானம் இல்லப்பா, பிசினஸ்"ங்கறான்.

பையன் புறநானூறு படிக்கறானா? வள்ளல் ஆய் அண்டிரனை பத்தி முடமோசியார் பாடின 134வது பாட்டுல அதே திட்டு இருக்கு. இங்க செஞ்சா அங்க கிடைக்கும்னு கணக்கு போட்டு குடுக்கறவனுக்கு அவர் வெச்ச பேர் "அறவிலை வணிகன்", அறத்தை விலைக்கு விக்கற வியாபாரி. ஆய் அந்த மாதிரி ஆள் இல்ல, பெரியவங்க போன வழி இதுன்னு குடுக்கறான்னு சொல்றார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்த சண்டை நம்ம ஊர்ல ஓடியிருக்கு பாருங்க. வள்ளுவர் இன்னும் ஒரு படி மேல, மேலுலகமே இல்லைன்னாலும் ஈதலே நன்றுன்னுட்டார் (222). ஆனா அவரே தான் "ஈத்துவக்கும் இன்பம்"னும் பாடறார் (228), குடுக்கறதுல ஒரு சந்தோஷம் இருக்கு, அது கூட தெரியாத கஞ்சப்பயலுகளான்னு. திருநெல்வேலி வாசகர் கவனிக்கணும், வள்ளுவருக்கு அந்த சந்தோஷம் ஒரு குத்தமாவே படல.

நீங்க அன்னதானத்தை நிறுத்தாதீங்க. பந்தியில உக்காந்தவருக்கு சனி எந்த வீட்டுல இருக்கார்னு கவலை இல்ல. பையனுக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க, பரிகார காலம் முடிஞ்சப்புறமும் அப்பா அந்த சனிக்கிழமையை தொடர்றாரா இல்லையான்னு பாத்துட்டு அப்புறம் பேசட்டும்.

சேலம்: நான் ஸ்கூல்ல பயாலஜி எடுக்கறேன். ஜீன் எல்லாமே தன்னை காப்பி எடுக்கத்தான் பாக்குதுன்னு சொல்லிக் குடுத்தா, ப்ளஸ் டூ பொண்ணு ஒருத்தி "அப்போ எங்க அம்மா பாசம் கூட ஜீனோட தந்திரமா மிஸ்?"ன்னு அழற மாதிரி கேட்டுட்டா. நான் என்ன சொல்லியிருக்கணும்?

முதல்ல அந்த பொண்ணுக்கு என் வாழ்த்து, இந்த வார கேள்விகள்லயே நல்ல கேள்வி அவளோடது.

ஹால்டேன்னு ஒரு இங்கிலீஷ் விஞ்ஞானி. ஆத்துல விழுந்த தம்பிக்காக உயிரை குடுப்பீங்களான்னு கேட்டதுக்கு "ஒரு தம்பிக்கு மாட்டேன், ரெண்டு தம்பி இல்ல எட்டு ஒன்னுவிட்ட தம்பிங்கன்னா சரி"ன்னு சொன்னதா ஒரு கதை உண்டு. கூடப்பொறந்தவன் கிட்ட நம்ம ஜீன்ல பாதி, சித்தப்பா பையன் கிட்ட எட்டுல ஒரு பங்கு, கணக்கு சரியா வந்துரும். இந்த ஜோக்கை 1964ல கணக்காவே எழுதி நிரூபிச்சவர் ஹாமில்டன்ங்கற உயிரியல் விஞ்ஞானி. சொந்தம் எவ்ளோ நெருக்கமோ அதால உதவியோட பலனை பெருக்கினா உதவறவனுக்கு ஆகற நஷ்டத்தை விட அதிகமா இருக்கணும், இருந்தா அந்த குணம் தலைமுறை தாண்டி நிக்கும். சொந்தமே இல்லாதவனுக்கு ஏன் உதவறோம்னா அதுக்கு 1971ல ராபர்ட் ட்ரிவர்ஸ் ஒரு விளக்கம் குடுத்தார், இன்னைக்கு நான் நாளைக்கு நீ. நமக்கு அதை இங்கிலீஷ்ல படிக்க வேண்டிய அவசியமே இல்ல, புதுக்கோட்டை பேராவூரணி பக்கம் ஆடி மாசம் மொய் விருந்துக்கு போயி ஒரு மொய் நோட்டை புரட்டினா போதும், யார் யாருக்கு எவ்ளோ செஞ்சாங்க, திருப்பி செய்யாதவன் யாரு, எல்லாம் இருக்கும். ரத்தம் குடிக்கற வௌவாலுங்க கூட கோஸ்டாரிகாவுல இப்படித்தான், பட்டினியா திரும்பி வந்த கூட்டாளிக்கு தான் குடிச்ச ரத்தத்தை கக்கி ஊட்டுது, 1984ல வில்கின்சன்ங்கறவர் எழுதினார். ரெண்டு மூணு ராத்திரி சாப்பாடு இல்லன்னா அது செத்துரும். நோட்டு தான் கிடையாது.

இப்போ இந்த கணக்கை போட்டவங்க கதையை பாருங்க. ஹால்டேன் 1957ல இங்கிலாந்தை விட்டு கொல்கத்தா வந்துட்டார், இந்திய குடியுரிமை வாங்கினார், 1964ல புவனேஸ்வர்ல இறந்தார், தன் உடம்பை காக்கிநாடா மெடிக்கல் காலேஜுக்கு எழுதி வெச்சிருந்தார். எட்டு ஒன்னுவிட்ட தம்பி கணக்கு சொன்ன மனுஷன், ஜீன்ல ஒரு சொந்தமும் இல்லாத ஆந்திரா பசங்க அறுத்து படிக்கட்டும்னு உடம்பை குடுத்துட்டு போறார்.

இன்னொருத்தர் ஜார்ஜ் ப்ரைஸ். அமெரிக்காக்காரர், கெமிஸ்ட்ரி ஆளு, 1967ல லண்டன் வந்து ஹாமில்டன் பேப்பரை படிச்சுட்டு தூக்கம் கெட்டு, மரபியல்ல முறையான படிப்பு எதுவும் இல்லாமலே, ஒரு குணம் தலைமுறைக்கு தலைமுறை எப்படி கூடும் குறையும்னு தானே ஒரு சமன்பாடு போட்டார். யூனிவர்சிட்டி காலேஜுக்குள்ள தெருவுலேருந்து நேரா போயி காட்டினார், அவங்க பாத்துட்டு மலைச்சு ஒரு ரூம் குடுத்தாங்க. 1970ல அது நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகையில வந்துச்சு. அதே வருஷம் அவர் மனசு மாறி தீவிர கிறிஸ்தவரானார், அப்புறம் லண்டன் தெருவுல படுத்திருக்கற குடிகாரங்களை தன் வீட்டுக்கு கூட்டிட்டு வந்து தங்க வெச்சார், கையில இருந்த காசு, கோட்டு, கடைசியில வீடு எல்லாம் போச்சு. 1975 ஜனவரியில தன் உயிரையும் முடிச்சுக்கிட்டார். அடக்கத்துக்கு ஹாமில்டன், மேனார்ட் ஸ்மித்னு ரெண்டு பெரிய விஞ்ஞானிங்க, கூட தெருவாசிங்க கொஞ்ச பேர். தன் கணக்கு தப்புன்னு காட்டத்தான் அவர் இப்படி குடுத்தார்னு எழுதறாங்க. அது சினிமா. மனுஷனுக்கு உடம்புலயும் மனசுலயும் நிஜமாவே நோவு இருந்துச்சு. அது மட்டும் இல்லாம அவருக்கு அமெரிக்காவுல ரெண்டு பொண்ணுங்க, அவங்களுக்கு கிடைக்காத அப்பா லண்டன் குடிகாரங்களுக்கு கிடைச்சார்ங்கறதையும் சேத்து தான் பாக்கணும், நான் அவரை சாமியாக்கத் தயார் இல்ல.

உங்க மாணவிக்கு வரேன். ஒரு குணம் எப்படி வந்துச்சுங்கறது வேற, அந்த குணம் உள்ளவங்க மனசுல என்ன ஓடுதுங்கறது வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு குழந்தை அழுதா எந்திரிக்கற அம்மா "இதுல பாதி என் ஜீன்"னு நினைச்சா எந்திரிக்கறாங்க? தத்து எடுத்த குழந்தை அழுதாலும் அதே வேகத்துல தான் எந்திரிக்கறாங்க, அங்க ஜீன் கணக்குப்படி பைசா லாபம் இல்ல. ஜீனுக்கு மனசு கிடையாது, அதனால அதுக்கு சுயநலமும் கிடையாது, தந்திரமும் கிடையாது, அது ஒரு உவமை, க்ளாஸ்ல உவமையை உவமைன்னு சொல்லாம விட்டுட்டா இப்படித்தான் பசங்க அழும். பாசம் அம்மாவோடது தான், ஒரிஜினல் தான்னு சொல்லிடுங்க மிஸ்.

கும்பகோணம்: எல்லாரும் என்னை "உங்கள மாதிரி சுயநலம் இல்லாத பொம்பளைய பாத்ததே இல்ல"ங்கறாங்க. மாமியார் படுக்கை, கொழுந்தனார் குடும்பம், புள்ளைங்க, முப்பது வருஷம். இந்த பாராட்டை கேட்டா எனக்கு எரிச்சலா வருது. நான் கெட்டவளாங்க?

அம்மா, உங்க எரிச்சல் தான் இந்த வாரம் வந்ததுலயே ரொம்ப அறிவான விஷயம். முடியாதுன்னு சொல்ற வசதி இருக்கறவங்க முடியும்னு சொன்னா அது தியாகம். உங்களுக்கு அந்த வசதியை யாராவது குடுத்தாங்களா? குடுக்கலைன்னா அவங்க பண்றது பாராட்டு இல்ல, பூ சுத்தின வேலைப்பட்டியல். நம்ம நாட்டுல உயிரோட இருக்கும்போதே கிட்னி, ஈரல் குடுக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க பொம்பளைங்க, வாங்கிக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க ஆம்பளைங்க. பொம்பளைங்களுக்கு இரக்க சுபாவம் ஜாஸ்தின்னு ஒரு பேச்சு உண்டு, இருக்கலாம், ஆனா வீட்டுல கிட்னி வேணும்னு டாக்டர் சொன்னதும் எல்லார் கண்ணும் முதல்ல எந்த பக்கம் திரும்புதுன்னு நமக்கு தெரியாதா. அதனால தான் நான் "இது உண்மையான பொதுநலமா"ன்னு கேக்கறப்போ நோக்கத்தை விட முதல்ல கதவை பாக்கறேன், கதவு தொறந்திருந்துச்சா இல்லையா. நீங்க செஞ்சதுல எவ்ளோ அன்பு, எவ்ளோ வேற வழி இல்லாததுன்னு உங்களுக்கு மட்டும் தான் தெரியும். அடுத்த தடவை யாராச்சும் அந்த டயலாக்கை சொன்னா "சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை மாமியாரை நீங்க பாத்துக்கங்க, நான் எங்க அக்கா வீட்டுக்கு போறேன்"னு சொல்லிப் பாருங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கு அவசியம் எழுதுங்க.

ஓசூர்: என் பொண்ணுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது. வீட்டு வேலையில உதவினா ஒரு ஸ்டார் ஸ்டிக்கர், அஞ்சு ஸ்டாருக்கு ஒரு சாக்லேட்னு வெச்சிருக்கேன். நல்ல பழக்கம் வரும்ல?

ஸ்டிக்கரை எடுத்துருங்க. 2006ல வார்னெக்கன், டோமசெல்லோன்னு ரெண்டு பேர் ஒன்றரை வயசு குழந்தைங்களை வெச்சு பாத்தாங்க. துணி காயப்போடற மாதிரி ஒருத்தர் கிளிப்பை கீழ தவற விட்டுட்டு எட்ட முடியாம கையை நீட்டுவார். குழந்தைங்க தத்தக்கா பித்தக்கான்னு நடந்து போயி எடுத்து குடுத்துச்சுங்க, யாரும் கேக்கல, யாரும் தேங்க்ஸ் சொல்லல. வேணும்னே தூக்கி போட்டா எடுக்கல, அது வெவரம். ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு சோதனை, ஒன்றரைக்கு கொஞ்சம் மேல உள்ள குழந்தைங்க. உதவினதுக்கு பொம்மை மாதிரி பரிசு குடுத்து பழக்கினதுங்க, அப்புறம் பரிசு இல்லாதப்போ, முதல்லேருந்தே பரிசு வாங்காத குழந்தைங்களை விட கம்மியா உதவுச்சுங்க. தானா வர்ற தண்ணிக்கு மோட்டார் போட்ட கதை. உங்க பொண்ணு இப்போ துணி மடிக்கறேன்னு மடிச்ச துணியை கலைச்சு வெப்பா, அதை வாங்கி வெச்சுக்கங்க, அதான் ஸ்டார்.

மதுரை: ஆக்சிடென்ட்ல அடிபட்டவரை ஆஸ்பத்திரி சேத்தா சர்க்கார் காசு தருதாம். காசுக்கு செஞ்சா அது உதவியா?

2021ல மத்திய அரசு 5000 ரூபான்னு அறிவிச்சுது, பிறகு அதை 25,000 ஆக்கினாங்க. ஓசூர்க்காரங்களுக்கு சொன்னதுக்கு நேர் எதிரா சொல்றேனேன்னு நினைக்காதீங்க, இது நல்ல திட்டம். ரோட்டுல நாம நிக்காததுக்கு காரணம் மனசு இல்லாதது இல்ல, ஸ்டேஷன், சாட்சி, கோர்ட்டுன்னு அலைய விட்டுருவாங்கங்கற பயம், அந்த பயத்துக்கு தான் 2016ல சுப்ரீம் கோர்ட் பாதுகாப்பு குடுத்துச்சு. இன்னொரு காரணம் அவசரம். 1973ல வெளியான ஒரு சோதனை, அமெரிக்காவுல ப்ரின்ஸ்டன்ல பாதிரியாருக்கு படிக்கற 40 பேரை ஒரு கட்டடத்துலேருந்து இன்னொன்னுக்கு பேச அனுப்பினாங்க, வழியில ஒருத்தர் இருமிக்கிட்டு சுருண்டு கெடந்தார். நேரம் இருக்குன்னு நினைச்சவங்கள்ல 63 சதவீதம் நின்னு பாத்தாங்க, லேட்டாயிருச்சுன்னு விரட்டி விட்டவங்கள்ல 10 சதவீதம். அவங்கள்ல பாதி பேர் பேசப்போன தலைப்பு என்ன தெரியுமா, பைபிள்ல வர்ற நல்ல சமாரியன் கதை, அடிபட்டு கெடந்தவனுக்கு உதவின கதை. பேச ஓடற அவசரத்துல நிஜமா கெடந்தவரை தாண்டி போயிட்டாங்க. பத்து நிமிஷம் முன்னாடி வீட்டை விட்டு கிளம்புங்க சார், பாதி நல்ல குணம் தானா வந்துரும்.

ஆம்பூர்: கர்ணன் சுயநலவாதியா? ஒரே வார்த்தையில பதில்.

ஒரே வார்த்தையில சொன்னா நீங்க அடிப்பீங்க. வியாச பாரதத்துல கவச குண்டலத்தை குடுக்கறதுக்கு முன்னாடி சூரியன் வந்து எச்சரிக்கறார், கர்ணன் "உயிரை விட எனக்கு புகழ் தான் பெருசு"ங்கறான். குடுக்கும்போது பதிலுக்கு இந்திரன் கிட்ட சக்தி ஆயுதத்தையும் கேட்டு வாங்கிக்கறான். நம்ம ஊர் மேடையில இந்த ரெண்டாவது பாகம் வரவே வராது. ஆனாலும் தோலோட சேத்து அறுத்து குடுத்தது அவன் தானே, அதுக்கு பேர் சுயநலம்னா எனக்கு அந்த சுயநலத்துல கால்வாசி கூட வராது.

மேல முதல்ல சொன்னேனே, பேர் போடாதீங்கன்னு எழுதினவர், அவர் லெட்டர்ல கடைசியா பொடி எழுத்துல ஒரு பின்குறிப்பு: என் பேரை கண்டிப்பா போட வேணாம். ஆனா பேர் வேண்டாம்னு சொன்னது இன்னார் தான்னு எங்கேயாவது ஒரு ஓரமா ஒரு வரி வந்தா நல்லாருக்கும் சார்.

ஊரை வேணா சொல்றேன். விழுப்புரம்.